அரிசியில் எழுதும் பெயர்

தலைமை நாற்காலியை அலங்கரித்து, நான் வாயைத் திறக்கும் முன்பே மேசை மணியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர் கணேஷ் லிமாயே அவர்களே! மராத்தி பேசும் வீடுகளில் லட்டுக்கும் முறுக்குக்கும் முன்னால் தன் தீபாவளி மலரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பத்திரிகை ஆசிரியர் பாவூசாஹேப் அவர்களே! கிருஷ்ணைக் கரை வாசகர் மன்றத்தை வெள்ளத்திலும் வறட்சியிலும் கைவிடாத பெரியோர்களே! மஞ்சள் மண்டியில் கடையைச் சாத்திவிட்டு, மேலெல்லாம் மஞ்சள் மணக்க நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் சாங்லிப் பெருமக்களே! நெற்றியில் குங்குமம் துலங்க அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கணவன் இல்லாதவர்கள் என்று சங்கராந்தி மஞ்சள் குங்குமத்துக்கு எந்த வீட்டிலும் அழைக்கப்படாமல், இன்று அழைப்பை எதிர்பார்க்காமலே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்களுக்கு வேறொரு வணக்கம் கிடையாது, அதே வணக்கம்தான். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இவள் என்ன பேசிவிடுகிறாள் பார்க்கலாம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் தாயார் அனுசூயாபாயி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நளினி ஜோக்லேகரின் நடுக்கம் நிறைந்த வணக்கம்.

நடுக்கம் என்று சொன்னது அடக்கத்துக்காக அல்ல. தண்ணீர் டம்ளரை எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். எல்லோரும் பார்த்தீர்கள். இத்தனை காலம் மேடையேறுகிறேன், இப்படி ஆனதில்லை. காரணம், என் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கும் இந்தப் பித்தளைத் தட்டு.

இதற்குள்ளே என்ன இருக்கிறது? அரிசி. அரிசியின் மேல் ஒரு மோதிரம். அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனால் இதன் முன்னால் உட்காராத பெண் நம்மில் யார்? கைதூக்குங்கள் பார்ப்போம். மாப்பிள்ளை மோதிரத்தை எடுப்பார், பரப்பிய அரிசியில் மணமகளுக்கு ஒரு புதுப் பெயர் எழுதுவார், பெரியவர்கள் வாசித்துச் சொல்வார்கள், எல்லோர் வாயிலும் சர்க்கரை போடுவார்கள். அம்மா கூப்பிட்ட பெயர் அன்றோடு போயிற்று. நீ யார் என்று யாராவது கேட்டால், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டிய நிலை! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் அன்று சிரிப்புத்தான் வந்தது. என் மாமியார் வீட்டில் 'ரஜனீ' என்று யாரையோ அழைக்கிறார்கள், யாரது பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று நானும் சேர்ந்து தேடினேன். நளினி என்பது என் எழுத்தில் மட்டும் மிஞ்சியது.

இன்று எனக்குத் தந்த தலைப்பு: நமது நாட்டுப் புனைகதைகளில் விவாகரத்தும் மறுமணமும். பேச்சு முடிந்ததும் இதே மேடையில் ஒரு மறுமணத்தின் பெயரெழுதும் சடங்கு. நாளைக் காலை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. வழக்கமாகக் கல்யாணம் முடிந்த பிறகுதானே இந்தத் தட்டு வரும்? தாளில் போடும் கையெழுத்தை நம்பாத அனுசூயாபாயி, சபையறியப் பெயர் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்டோம். "பொண்ணு டைவர்ஸ் ஆனவங்களா? அடுத்த வாரம் எங்க சொந்தக்காரங்க முகூர்த்தம் இருக்கு, வேண்டாமே" என்றார் மண்டபத்துக்காரர். அதனால்தான் நூல்கள் நிறைந்த இந்த மன்றமே மண்டபமாகிவிட்டது.

தலைப்புக்கு வருகிறேன். நான் ஒரு கெட்ட வாசகி. நாவலைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். நம் நூலகர் திட்டாத நாள் இல்லை. "அக்கா, முடிவை இங்கயே நின்னு பார்த்துட்டா, வீட்டுக்கு எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்பார். எதற்காகப் பார்க்கிறேன்? கணவன் வீட்டைவிட்டு வெளியேறிய பெண், கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கிறேன்!

இருக்கிறாளா? எங்கே இருக்கிறாள்? கிணற்றுக்குள் இருக்கிறாள். காசநோய் விடுதியில் இருமிக்கொண்டிருக்கிறாள். காசியில் கரையேறிக்கொண்டிருக்கிறாள். அனாதைக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அதுவும் இல்லையென்றால், வெளுத்த புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறாள். மழை! எப்போதும் மழை! வங்காளத்தில் எழுதினாலும் மழை, ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் எழுதினாலும் மழை! மழையைப் பார்த்த அத்தனை பேரில் ஒருத்தியாவது ஒரு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தனக்குப் பிடித்த ஒருவனோடு நின்று ஒரு வடா பாவ் சாப்பிட்டாளா?

கைதட்டாதீர்கள், எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை.

அவளைக் கண்ணீரில் நனைத்தோம், கவிதையில் புகழ்ந்தோம், கற்பின் சிகரத்தில் ஏற்றினோம். கல்யாணம் கேட்டவளை மட்டும் கதையைவிட்டே கடத்தினோம். கணவனை விட்டு வந்தவள் அழலாம், ஆசைப்படக் கூடாது. தியாகம் செய்யலாம், தீர்மானம் செய்யக் கூடாது. ஊருக்கெல்லாம் உழைக்கலாம், தனக்கென்று உலை வைக்கக் கூடாது. அதே நாவலில் அந்தக் கணவன் என்ன ஆனான்? அடுத்த அத்தியாயத்திலேயே மாலையும் கழுத்துமாக நிற்கிறான். அவனுக்குக் காசநோய் வருமா? ஒரு தும்மல்கூட வராது!

என் மேல் கோபப்படாமல் பாவூசாஹேப் புன்னகைப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி மலருக்கு நான் எழுதிவரும் நாவலில் ரேவதி என்றொருத்தி. கணவனை விவாகரத்து செய்கிறாள், சில ஆண்டுகள் கழித்து இன்னொருவரைக் கல்யாணம் செய்கிறாள். கதைச் சுருக்கத்தைக் கேட்டுவிட்டு இவர் தலையைச் சொறிந்தார்.

"நளினி அக்கா, கோர்ட்டுப் படி இறங்குற வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கு. அதோட நிறுத்திக்கலாமே?"

"ஏன், அதுக்கப்புறம் அவ உசிரோட இருக்கறது உங்களுக்குக் கஷ்டமா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்வேனா? குடும்பமா உட்கார்ந்து படிக்கிற மலர் இது. அவளை ஒரு ஆசிரமத்துக்கு அனுப்பலாம். இல்லேன்னா சின்னதா ஒரு வியாதி."

"என்ன வியாதி?"

"ஏதாவது கௌரவமான வியாதியா பாருங்க."

கௌரவமான வியாதி! தலைவர் லிமாயே அவர்களே, நீங்கள் மருத்துவர், உங்களிடமே கேட்கிறேன். அப்படி ஒரு வியாதி உண்டா? இல்லை என்று தலையசைக்கிறார். பாவூசாஹேப், குறித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கதைக்குப் பக்கம் ஒதுக்கியவரும் இவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

எழுதிய அத்தியாயங்களை அவ்வப்போது இதே மன்றத்தில் வாசித்துக்காட்டினேன். கடைசி அத்தியாயமும் வந்தது. ரேவதியின் இரண்டாம் கணவன் நல்லவன். தட்டின் முன்னால் உட்காருகிறான், மோதிரத்தை எடுக்கிறான், புதுப் பெயர் எதுவும் எழுதாமல் ரேவதி என்றே எழுதுகிறான். வாசித்து நிமிர்ந்தேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். சிலர் கண்ணைத் துடைத்தீர்கள். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன்.

அந்தத் தூணோரம் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"நல்லா இருக்கு அக்கா. ஒண்ணு கேக்கட்டுமா? அவர் ரேவதின்னு எழுதாம வேற ஏதாச்சும் எழுதியிருந்தா, இவ என்ன பண்ணியிருப்பா?"

"அவர் நல்லவராச்சே, எழுத மாட்டாரே."

"அது அவரோட குணம் அக்கா. நான் கேக்கறது இவளை. தன்னோட பேரைக்கூட ஒரு நல்லவர் வந்து குடுத்தாத்தான் இவளுக்குக் கிடைக்குமா?"

  வீட்டுக்குப் போய் அந்த அத்தியாயத்தைக் கிழித்தேன். இன்று வரை மறுபடி எழுத முடியவில்லை. பாவூசாஹேப் தினமும் போன் செய்கிறார், நான் தினமும் எடுப்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான் ஜயமாலா. இன்றைய மணமகள். அதோ, மேடையோரம் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கதையை இந்தச் சபையில் சொல்ல எனக்கு என்ன உரிமை? உரிமை அவள் கொடுத்தது. காலையில் அவளிடம் கேட்டேன், இது உன் வீட்டு விஷயமாயிற்றே, மேடையில் பேசலாமா என்று. "வீட்டுக்குள்ள பேசினா அது எனக்கு மட்டும் வந்த தலைவலி அக்கா. மேடையில பேசினா அவங்கவங்க தலையையும் தொட்டுப் பார்த்துப்பாங்க. பேசுங்க" என்றாள். அனுசூயாபாயியிடமும் கேட்டேன். "பேசு, எனக்கென்ன பயம்? நான் என்ன திருடினேனா?" என்றார்கள். இருவர் துணிவுக்கும் தலைவணங்கித்தான் தொடர்கிறேன்.

ஜயமாலா மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். முதல் கல்யாணத்தில் இந்தத் தட்டில் அவளுக்கு எழுதப்பட்ட பெயர் சுஹாசினி. இனிமையாகச் சிரிப்பவள் என்று பொருள். சிரிக்க அந்த வீட்டில் என்ன இருந்தது? வேலைக்குப் போகக் கூடாது என்றார் கணவர். அடிக்கவில்லை, திட்டவில்லை, நாலு பேருக்கு நல்லவர். காலையில் கடைக்குப் போகும்போது அவளுடைய செருப்பை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான். கேட்டால், "வீட்டுக்குள்ள இருக்கறவளுக்குச் செருப்பு எதுக்கு?" என்பார். ஒரு வைகாசி வெயிலில் வெறுங்காலோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள் ஜயமாலா. தாய்வீட்டு வாசலில் கால் கொப்புளித்து நின்றவளைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டு வந்தியா?"

வழக்கு நடந்தது, விவாகரத்து கிடைத்தது. வேலைக்கும் சேர்ந்தாள். ஆனால் சம்பளச் சீட்டில் சுஹாசினி, வங்கியில் சுஹாசினி, சீதனமாகக் கொடுத்துத் திரும்பி வந்த குடத்திலும் அண்டாவிலும் பொறித்திருப்பது சுஹாசினி. சட்டம் கணவனிடமிருந்து விடுவித்தது. அவன் வைத்த பெயரிலிருந்து விடுவிக்க, அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். "எதுக்கும்மா மாத்திக்கிட்டு? எப்படியும் அடுத்த கல்யாணத்துல அவர் வேற பேர் வைப்பார்ல" என்று ஒரு குமாஸ்தா கேட்டாராம். அப்படியும் விடவில்லை. மறுபடி ஜயமாலா ஆனாள்.

அந்தச் சமயத்தில்தான் இன்றைய மாப்பிள்ளை தத்தாராம் வந்தார். ஹரிபூர்ப் பக்கம் மஞ்சள் பயிரிடுபவர், விமல் என்ற மனைவியைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். வயல் மண்ணை ஒரு பையில் கொண்டுவந்து பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு கொடுத்தாள். அடுத்த வாரம் அதே வயல் மண்ணோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். என்ன தத்தாராம், தலையைக் குனிகிறீர்கள்? நடந்ததைத்தானே சொல்கிறேன்.

"இது போன வாரம் கொண்டுவந்த மண்ணுதானே?" என்று கேட்டிருக்கிறாள் இவள்.

"ஆமாங்க. ஏதாச்சும் மாறியிருக்கான்னு பார்க்கலாமேன்னு."

"மண்ணு அப்படியேதான் இருக்கு. நீங்கதான் வாரத்துக்கு வாரம் புதுச் சட்டையில வர்றீங்க. என்ன விஷயம்னு சொல்லிட்டுப் போங்க."

சொல்லிவிட்டார். இவளும் யோசித்து, தயங்கி, பயந்து, பிறகு சரி என்றாள். சரி என்று சொல்ல எவ்வளவு பயம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை சூடுபட்டவள் அவள். வாசலில் செருப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவள். இன்று இந்த மன்றத்துக்குள் வரும்போதும் பார்த்தாள்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். அனுசூயாபாயி பெண் கேட்டு வந்தார்கள். விவாகரத்து ஆனவள் என்று முகம் சுளிக்கவில்லை. சாதகம் கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. எத்தனை தாய்மார்களுக்கு வரும் அந்த மனம்? ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"அரிசியில விமல்னு எழுதணும்."

செத்துப்போன மருமகளின் பெயர்!  அனுசூயாபாயியே காரணமும் சொன்னார்கள். "வீட்டுப் பாத்திரம் பூரா விமல்னுதான் பொறிச்சிருக்கு. ரேஷன்ல அதே பேரு. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் அதே பேரு பழக்கம். எழுதறது எப்படியும் ஒரு புதுப் பேருதானே, அது இந்தப் பேரா இருந்துட்டுப் போகட்டுமே!"

யாராவது பதில் சொல்லுங்கள். எழுதுவது எப்படியும் புதுப் பெயர்தான் என்கிறார்களே, அதில் என்ன தவறு? நமது வழக்கத்தின்படி தவறே இல்லை! சுஹாசினி என்று எழுதலாம் என்றால் விமல் என்றும் எழுதலாம். அனுசூயாபாயி வழக்கத்தை மீறவில்லை, அதை அதன் கடைசிப் படி வரை கொண்டுபோனார்கள். மனைவி என்பவள் ஒரு நாற்காலி, உட்காருபவள் மாறலாம், நாற்காலியில் எழுதிய பெயர் எதற்கு மாற வேண்டும்? காலம் காலமாக நாம் சர்க்கரை போட்டு விழுங்கிய விஷயத்தை, அவர்கள் சர்க்கரை போடாமல் சொன்னார்கள். அதனால்தான் நமக்குத் தொண்டையில் அடைக்கிறது.

என் நடுக்கத்துக்கு இதுதான் காரணம். இன்று மாலை இந்த மேடைக்கு ஏறும் முன்பு, பின்னறையில் ஜயமாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "அக்கா, அந்தப் பேரை எழுதினா நான் மணையைவிட்டு எழுந்துடுவேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனாலும் எழுந்துடுவேன்" என்றாள். அங்கிருந்து வெளியே வந்தேன். நடையில் அனுசூயாபாயி நின்றார்கள். "அந்தப் பேரை எழுதலேன்னா நான் அட்சதை போட மாட்டேன். எழுந்து போயிடுவேன்" என்றார்கள். தத்தாராமிடம் போனேன். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "தெரியல அக்கா" என்றார். 

ஒருத்தி எழுந்தால் கல்யாணம் இல்லை. இன்னொருத்தி எழுந்தால் குடும்பம் இல்லை. முதல் முறை எழுந்து வந்தவளை ஊர் பேசியது. இரண்டாம் முறையும் எழுந்தால் ஊர் என்ன சொல்லும்? குறை இவளிடம்தான் என்று சொல்லும்! எழுத்தாளர் எங்கே, இவளுக்குக் கதை சொல்லிக் கெடுத்தவள் எங்கே என்று என்னையும் கேட்கும். கேட்கட்டும். எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. ரேவதி காகிதத்தில் இருப்பவள். அவளை எழுப்பலாம், உட்கார்த்தலாம், பிடிக்காவிட்டால் கிழிக்கலாம். ஜயமாலாவைக் கிழித்து எழுத முடியுமா? நான் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தியின் தலையில் விடியும் என்று தெரிந்த பிறகு, ஒரு வரியாவது நிம்மதியாக எழுத முடியுமா?

அப்படியானால் எழுதாமல் விடுவதா? பயந்துபோய் அவளை மறுபடி அந்த ஜன்னலோரம் நிறுத்துவதா? மறுபடி மழையா? மாட்டேன்! வெளியேறுவது பாதி வழி. வேண்டாததை வேண்டாம் என்று சொன்னவள், வேண்டியதை வேண்டும் என்று சொல்லும்போதுதான் மீதி வழி. விவாகரத்து அவள் இல்லை என்று சொன்ன இடம். மறுமணம் அவள் ஆம் என்று சொல்லும் இடம். அந்த ஆமும் அவள் குரலில், அவள் பெயரில், அவள் இஷ்டப்படி ஒலிக்காவிட்டால், அது முதல் கல்யாணத்தின் மறுபதிப்பே தவிர மறுமணம் ஆகுமா? தாய்மார்களே, ஆகுமா? பின்வரிசையே, ஆகுமா?

ஆகாது என்கிறீர்கள். நன்றி. இதோ மணி அடித்துவிட்டார் தலைவர். சரியான நேரத்தில்தான் அடித்தார். ஒலிபெருக்கியை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன், மேடையில் நடப்பதைப் பின்வரிசைக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமே.

துணியை எடுக்கிறேன். ஜயமாலா, வாம்மா. தத்தாராம், வாருங்கள். இரண்டு மணையும் போட்டாயிற்று. உட்கார்ந்துவிட்டார்கள். மோதிரத்தை எடுத்துவிட்டார் தத்தாராம்.

அனுசூயாபாயி எழுந்துவிட்டார்கள். அம்மா, இன்னும் எழுதவே இல்லையே... இல்லை, வாசலுக்குப் போகவில்லை. மேடைக்கு வருகிறார்கள். வழிவிடுங்கள். அம்மா, இந்தாருங்கள் மைக். வேண்டாம் என்கிறார்கள். சரி, அவர்கள் சொல்வதை நான் அப்படியே சொல்கிறேன்.

"நான் பிடிவாதக்காரின்னு இந்த நளினி ஊருக்கெல்லாம் சொல்லிட்டா. நல்லாதான் சொன்னா. ஒண்ணை விட்டுட்டா. நான் இன்னும் அடுப்படியில நின்னு விமல், உப்பு எங்கன்னு கேக்கறேன். யாரும் பதில் சொல்றதில்ல. அந்தப் பேரைக் கூப்பிட்டா யாராச்சும் ஒருத்தி, என்ன அத்தைன்னு கேக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்."

இதை எனக்கு அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பேச்சு இப்படி இருந்திருக்காது. கொஞ்சம் பொறுங்கள், எனக்குத் தண்ணீர் வேண்டும்.

ஜயமாலா பேசுகிறாள். "அத்தை, பாத்திரத்துல இருக்கற பேரை யாரும் அழிக்க வேணாம். அதுலயே சமைக்கலாம். அவங்களைப் பத்தி நீங்க சொல்லுங்க, நான் உட்கார்ந்து கேக்கறேன். உப்பு எங்கன்னு கேட்டா எடுத்தும் தர்றேன். ஆனா விமல்னு கூப்பிட்டா, நான் திரும்ப மாட்டேன் அத்தை. ஜயமாலான்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்."

அனுசூயாபாயி தட்டைப் பார்த்தபடி நிற்கிறார்கள். தத்தாராமின் கை அரிசிக்கு மேலே நிற்கிறது.  எழுதவில்லை. இன்னும் எழுதவில்லை. அம்மாவைப் பார்க்கிறார். இவளைப் பார்க்கிறார். சபையே, மூச்சுவிடுங்கள், நானும் விடுகிறேன். மோதிரத்தை ஜயமாலாவின் கையில் கொடுத்துவிட்டார்! "நான் எதையும் எழுதல. நீயே உன் பேரை எழுதிக்கோ" என்கிறார்.

கைதட்டுகிறீர்கள். தட்டலாம், தங்கமான மனிதர். ஆனால் ஜயமாலாவைப் பாருங்கள். அவள் எழுதவில்லை. மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரிசியைப் பார்க்கிறாள். கையால் தடவிச் சமமாக்குகிறாள். இப்போது தத்தாராமை நிமிர்ந்து பார்க்கிறாள். ஏதோ கேட்கிறாள்.

"உங்களுக்கு என்ன பேர் வைக்கட்டும்?"

சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள், அவள் சிரிக்கவில்லை! நிஜமாகவே கேட்கிறாள். மோதிரம் அரிசிக்கு மேல் தயாராக இருக்கிறது. தத்தாராமும் முதலில் சிரித்தார், இப்போது நிறுத்திவிட்டார். மன்றத்தில் சிரிப்பே இல்லை. ஆண்கள் பக்கம் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. ஐயா, பதில் சொல்லுங்கள்.

"எனக்கு... தத்தாராம்னே இருந்துட்டுப் போகட்டுமே. பொறந்ததுலேருந்து அதுதானே. பழகிடுச்சு."

ஜயமாலா சொல்கிறாள்: "எனக்கும் அப்படித்தான்."

மோதிரத்தை அவர் விரலிலேயே போட்டுவிட்டாள். தட்டில் எதுவும் எழுதவில்லை. யார் பெயரும் இல்லை. வெறும் அரிசி.

பெரியோர்களே! நாவலாசிரியை என்று என்னை அழைத்து உட்காரவைத்தீர்கள், இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லையே! பாவூசாஹேப், இன்று உங்கள் போனை எடுப்பேன். கடைசி அத்தியாயம் கிடைத்துவிட்டது.

ஆனால் இன்னும் முடியவில்லை. அனுசூயாபாயி அங்கேயே நிற்கிறார்கள். அட்சதை போடுவார்களா, இறங்கிப் போவார்களா? குனிகிறார்கள். தட்டை எடுக்கிறார்கள். அம்மா என்ன சொல்கிறீர்கள்? "நல்ல அம்பேமோஹர் அரிசி. சும்மா வெச்சுட்டு எவ்வளவு நேரம் பேசுவீங்க? உலை கொதிச்சுக்கிட்டு இருக்கும்." ஒரு பிடி அரிசியை எடுத்து இருவர் தலையிலும் போட்டுவிட்டார்கள்! போட்டுவிட்டார்கள்! மிச்சத்தைத் தத்தாராமிடம் கொடுத்து, "நீ கொண்டுபோய்க் களைஞ்சு போடு" என்கிறார்கள். மாப்பிள்ளை அரிசி களையப் போகிறார், வழிவிடுங்கள்.

படியிறங்கப் போன அனுசூயாபாயி நின்றுவிட்டார்கள். கை நீட்டுகிறார்கள், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் போலிருக்கிறது. வாய் திறக்கிறார்கள். "வி..."

நின்றுவிட்டது.

"ஜயமாலா, கையைக் குடும்மா."

அவள் திரும்பிவிட்டாள்.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் என்னைப் போன்ற கெட்ட வாசகிகளே, இனி பயமில்லாமல் புரட்டுங்கள். அவள் உயிரோடு இருக்கிறாள். தன் பெயரோடு இருக்கிறாள். பொறுத்திருந்து மணியடித்த தலைவருக்கும், பக்கம் ஒதுக்கிய ஆசிரியருக்கும், என் பேச்சைத் திருத்திய அனுசூயாபாயிக்கும், இடம் கொடுத்த மன்றத்துக்கும், கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. முன்வரிசைத் தாய்மார்களே, குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போங்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அரிசி உலையில் விழுந்துவிட்டது. வணக்கம்!